‘காயாத கம்பளி’ வெளியான பிறகு

மார்ச் 14, வெள்ளி

மூட்டமே இல்லை. ஏழு மணிக்கே சுள்ளென்று வெயில். மழை கண்டு இரண்டு மாதத்துக்கு மேல். ரோட்டோரக் காப்பிச் செடியெல்லாம் இலை தொங்கி நிற்கிறது.

நர்சரி வேலை: ரோஜா நாற்று பெரிய பைக்கு மாற்ற வேண்டும். ஜெரேனியத்துக்குத் தண்ணீர். சேலத்திலிருந்து உரம் வருகிறது, இறக்க ஆள் சொல்ல வேண்டும்.

பத்து மணிக்கு விமலாவிடமிருந்து வாட்ஸ்அப். ஒரு லிங்க். அதன் கீழே: “வந்துருச்சுடி. கேட்டுட்டுச் சொல்லு.”

அவளுடைய பாட்டு. சினிமாவில் கோரஸ், கல்யாணக் கச்சேரி, விளம்பரத்துக்கு அரை நிமிடம் என்று சென்னையில் இத்தனை வருடம் பாடியவள், நாற்பத்தொன்பது வயதில் ஒரு ராக் பாட்டு பாடியிருக்கிறாள். தனியாக, தன் பெயரில். ‘காயாத கம்பளி’. ஒற்றைப் பாட்டு, சிங்கிள் என்கிறார்கள். ஏதோ சின்னக் கம்பெனி வெளியிட்டிருக்கிறது. ஓடினால் ஆறு பாட்டு சேர்த்து ஆல்பம். ஓடாவிட்டால் இதோடு சரி. போன மாதமே சொன்னாள்.

லிங்கைத் தொட்டேன். அவள் முகம், பாதி நிழலில். முடிக்குச் சாயம் அடிக்கவில்லை. அழகாக இருந்தாள். பாட்டு ஆரம்பிப்பதற்குள் நிறுத்திவிட்டேன். எத்தனை முறை ஓடியது என்று கீழே ஓர் எண் காட்டுகிறது. அதை மட்டும் பார்த்தேன். நாற்பத்தொன்று.

சாயங்காலம் பெங்களூரிலிருந்து மகள் திவ்யா.

“அம்மா, விமலா ஆன்ட்டி பாட்டு கேட்டியா?”

“கேட்டேன்.”

“எப்படிம்மா இருக்கு?”

“நல்லாருக்கு.”

எதற்குப் பொய் சொன்னேன், தெரியவில்லை.

மார்ச் 15, சனி

டூரிஸ்ட் கூட்டம். நர்சரி வாசலில் மதியம் வரை கார் நிறுத்த இடமில்லை. ஒரு அம்மாள், “இந்த ரோஸ் சென்னைல பூக்குமா?” என்றார். “பூக்குங்க. ஆனா இங்க பூத்த மாதிரி இருக்காதுங்க” என்றேன். வாங்காமல் போய்விட்டார். என் வீட்டுக்காரருக்குக் கோபம். “உன்னை எவன் உண்மை பேசச் சொன்னான்?” அரை மணி நேரம் முகத்தைத் தூக்கி வைத்திருந்தார்.

எண்: காலையில் நூற்று அறுபது. மதியம் நூற்றுத் தொண்ணூறு. சாயங்காலம் இருநூறு தாண்டி கொஞ்சம். ஆறு முறை பார்த்திருப்பேன். ஒவ்வொரு முறையும் பெரிதாக ஏறவில்லை என்று தெரிந்ததும் உள்ளே ஏதோ லேசானது. முதலில் அது என்னவென்று பிடிபடவில்லை. தண்ணீர்க் குழாயைச் சுருட்டும்போது புரிந்தது. சந்தோஷம்.

இந்த டைரி உரக்கடையில் இனாமாகக் கொடுத்தது. யாரும் படிக்கப்போவதில்லை. எழுதிவிடுகிறேன். அந்தப் பாட்டு ஓடக்கூடாது என்று நினைக்கிறேன்.

மார்ச் 16, ஞாயிறு

இரவெல்லாம் பழைய நினைப்பு. தூக்கம் சரியில்லை. இன்று தலை கனம்.

அப்போது நாங்கள் ஒரே எஸ்டேட். விமலாவின் அப்பா கணக்கு எழுதும் ரைட்டர், என் அப்பா மேஸ்திரி. அவர்கள் ஊட்டில் ஃபேன் உண்டு, எங்கள் கூலி லைன் வீட்டில் கிடையாது. ஸ்கூலில் மட்டும் ஒரே பெஞ்சு. முதலாளியின் தம்பி மகன் பிரகாஷ் ஒரு லீவுக்கு கிட்டாரும் டிரம் செட்டும் கொண்டுவந்து இறக்கினான். கிட்டார் அவன் வாசிப்பான். பாட விமலா இருந்தாள். டிரம்ஸுக்கு ஆள் இல்லை. நான் ஸ்கூல் அணிவகுப்பில் சைடு டிரம் அடித்தவள். “அதையே உக்காந்துக்கிட்டு அடி, அவ்ளோதான்” என்றான்.

அவ்வளவுதான் இல்லை. கால் வேறு, கை வேறு. ஒரு மாதம் ஆனது. எஸ்டேட் ஸ்டோரில் காப்பி மூட்டைகளுக்கு நடுவே அடிப்போம். முதல் நாள், வேலைக்குப் போகிற பெண்கள் கதவோரம் நின்று, “பேய் ஓட்றாங்களா என்னமோ” என்று சொல்லிவிட்டுப் போனார்கள். பத்தாம் நாள் அவர்களே உள்ளே வந்து மூட்டை மேல் உட்கார்ந்தார்கள்.

குழுவுக்குப் பெயர் ‘கொண்டை ஊசி’. மலை ஏற இருபது வளைவு, அதனால். வைத்தது நான்தான். என் கொண்டையைப் பார்த்து பிரகாஷ் வைத்ததாக ஊரில் கதை.

கோடை விழாவில் ஒரு முறை முக்கால் மணி நேரம் கிடைத்தது. மூன்று பேருக்கும் பிரகாஷின் கறுப்புச் சட்டைகள். எனக்குத் தோள் முழங்கை வரை தொங்கியது. கடைசிப் பாட்டில் விமலா திரும்பி என்னைப் பார்த்தாள். ‘இன்னும் வேகமா’ என்று கண்ணாலேயே சொன்னாள். ஏற்றினேன். கூட்டம் எழுந்துவிட்டது. அப்படி ஒரு நிமிடம் அதற்குப் பிறகு எனக்கு வரவில்லை. திவ்யா பிறந்தபோதுகூட வேறு மாதிரிதான் இருந்தது.

லாட்ஜில் தங்கியிருந்த சென்னை கேசட் கம்பெனிக்காரர் ஒருவர் அன்று எங்கள் பாட்டைக் கேட்டார். மறுநாள் ரைட்டர் ஊட்டுக்கே வந்தார். “பாடற பொண்ணு மட்டும் வரட்டும். டிரம்ஸெல்லாம் இப்ப மெஷின்லயே போட்டுக்கலாம்.” என்னிடம் யாரும் சொல்லவில்லை. பிரகாஷ் சொல்லித்தான் தெரியும். காலை ஆறு மணி பஸ்ஸில் போகிறாள் என்று கேள்விப்பட்டு பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினேன். ஜன்னலோரம் அவள், பக்கத்தில் அவள் அப்பா. கையைத் தூக்கினேன். அவள் பார்க்கவில்லை. பஸ் போய்விட்டது.

அந்த கேசட் வரவே இல்லை. அவள் திரும்பியும் வரவில்லை. அடுத்த தையில் எனக்குக் கல்யாணம்.

பிறகு சண்டை என்று ஒன்றும் இல்லை. கல்யாணம், காரியம் என்றால் பேசிக்கொள்வோம். இப்போது வாட்ஸ்அப்பில் காலை வணக்கம், பூப்படம். இருபத்தேழு வருடம்.

எண் பார்த்தேன். முந்நூற்றைத் தொடவில்லை.

மார்ச் 18, செவ்வாய்

மேகம் கூடிக் கலைந்தது. ஏமாற்று.

வெள்ளக்கடையிலிருந்து வேலைக்கு வரும் பழனியம்மா இன்று பிடித்துவிட்டாள். “ஏனுங்கக்கா, போன்ல அப்புடி என்னத்தப் பாக்கறீங்க? பை நெம்பி தண்ணி வெளிய ஓடுதுங்க.” செருப்பெல்லாம் சேறு.

பாட்டுக்குக் கீழே எழுதியிருப்பதைப் படித்தேன். பதினொன்றுதான். “வாய்ஸ் சூப்பர்” மூன்று. பிரகாஷ் கனடாவிலிருந்து கட்டைவிரல். யாரோ ஒருவன்: “ஆன்ட்டிக்கு எதுக்கு இந்த வேல?” அதற்கு நான்கு பேர் சிரிப்பு போட்டிருக்கிறார்கள்.

அதைப் பார்த்து எனக்குக் கோபம் வந்தது. நிஜமான கோபம். அவனுக்கு ஏதாவது எழுத வேண்டும் போல இருந்தது. எழுதத் தெரியவில்லை. ஓடக்கூடாது என்று நினைப்பவளும் நான்தான், அவனை அறைய நினைப்பவளும் நான்தான். இரண்டும் எப்படி ஒரே ஆளிடம் இருக்கிறது?

பாட்டை இன்னும் கேட்கவில்லை.

மார்ச் 20, வியாழன்

விமலா போன் செய்தாள். இங்கே ஒரு ரிசார்ட்டில் ஞாயிற்றுக்கிழமை மதியம் பாடக் கூப்பிட்டிருக்கிறார்களாம். கோயமுத்தூர் கம்பெனி ஆட்கள் டூர் வருகிறார்கள், சாப்பாட்டு நேரத்துக்குப் பாட்டு.

“அங்க தங்கிக்கவாடி? ரிசார்ட்ல ரூம் தர்றாங்க. எனக்கு உன் ஊட்டுலதான் இருக்கணும்.”

“வா. கேக்கணுமா?”

“எஃப்எம்ல கேட்டுப் பாத்தேன். சினிமாப் பாட்டு மட்டும்தானாம்.” குரலில் ஒன்றும் தெரியவில்லை. “அது கெடக்கு. பாட்டு எப்படி இருந்துச்சு? நீ சொல்லவேயில்லயே.”

“நேர்ல சொல்றேன்.”

வாங்க வேண்டியது: பாசிப்பருப்பு, நல்ல போர்வை ஒன்று, பாத்ரூம் பல்பு. வாழவந்தியில் நாட்டுக்கோழி சொல்லி வைக்க.

மார்ச் 22, சனி

வந்துவிட்டாள். பஸ்ஸிலிருந்து இறங்கியதும் என்னைப் பார்த்து, “குண்டாயிட்டடி” என்றாள். “நீ மட்டும்?” என்றேன். கட்டிக்கொண்டாள். கழுத்தில் தைல வாசனை. முழங்கால் வலியாம். நீல நிறத்தில் ஒரு சின்னப் பெட்டி, அதில் லேப்டாப். டிரம்ஸும் கிட்டாரும் எல்லாம் அதற்குள்ளேயே இருக்கிறதாம்.

என் வீட்டுக்காரர் அவளிடம் நன்றாகப் பேசினார். “என்னம்மா, பாட்டெல்லாம் நல்லா போகுதுங்களா?” அவள், “போகுதுங்க அண்ணா” என்றாள். நான் அடுப்படியில் இருந்தேன். வெளியே வரவில்லை.

கோழி நன்றாக வந்தது. இரண்டு முறை சாதம் போட்டுக்கொண்டாள்.

மார்ச் 23, ஞாயிறு

மழை. கடைசியில் மழை.

முதலில் இருந்து எழுதுகிறேன். பதினோரு மணிக்கு ரிசார்ட். பெரிய டைனிங் ஹால், தகரக் கூரை. நானும் போனேன், ஓரமாக ஒரு நாற்காலி. மேனேஜர் சின்னப் பையன், கழுத்தில் அட்டை. “மேடம், பழைய மெலடி மட்டும் பாடுங்க. சாப்பிடற நேரம் பாருங்க, சத்தம் வேண்டாம்.” விமலா தலையை ஆட்டினாள். ஆறு சினிமாப் பாட்டு. நன்றாகத்தான் பாடினாள். யாரும் திரும்பவில்லை. பிரியாணிக்கு வரிசை.

பன்னிரண்டரைக்கு இருட்டிக்கொண்டு வந்தது. ஒரு இடி. அடுத்த நிமிடம் கூரை மேல் கல்லைக் கொட்டுவது போல மழை. கரண்ட் போனது. ஜெனரேட்டர் சமையலறைக்கும் நாலு லைட்டுக்கும்தான். மைக் இல்லை, ஸ்பீக்கர் இல்லை.

மேனேஜர் வந்தான். “போதுங்க மேடம். சாப்பிட வாங்க.”

“இன்னும் ஒரு பாட்டு இருக்குங்க தம்பி. என்னோட பாட்டு.”

“கரண்ட் இல்லீங்களே மேடம்.”

“எனக்கு இருக்குங்க” என்றாள். லேப்டாப்பை மூடினாள். மேடையை விட்டு இறங்கி மேசைகளுக்கு நடுவில் வந்து நின்றாள். ஆரம்பித்தாள்.

*காயப் போட்டும் காயலையே கம்பளி,*
*கனமாக் கெடக்கு தோளு மேல.*

இப்படித்தான் நான் அந்தப் பாட்டை முதல் முறையாகக் கேட்டேன். பத்து நாளாக என் போனில் இருந்த பாட்டு.

மழைச் சத்தத்தைத் தாண்ட வேண்டும் என்று அடிவயிற்றிலிருந்து எடுத்தாள். ‘கனமா’ என்ற இடத்தில் குரல் கிழிந்தது. ஒட்ட வைக்கவில்லை, கிழிந்தபடியே மேலே கொண்டுபோனாள். முன்பு அவளுக்கு அந்த இடம் வராது. கத்துவாள், அவ்வளவுதான். இது வேறு. இதற்கு நாற்பத்தொன்பது வயது ஆகியிருக்க வேண்டும்.

மழையில் நனைந்த கம்பளியைப் போர்த்திக்கொண்டு எஸ்டேட்டுக்கு வேலைக்குப் போகிற பெண்கள். அதுதான் பாட்டு. நான் ஒவ்வொரு வரியிலும் தேடினேன். பஸ் வருமா, டிரம்ஸ் வருமா, ஏமாந்து நின்ற ஒருத்தி வருவாளா? வரவில்லை. என்னைப் பற்றி ஒரு சொல் இல்லை. நான் அவளை நினைத்ததில் பாதியாவது அவள் என்னை நினைத்திருப்பாள் என்று எண்ணிக்கொண்டிருந்திருக்கிறேன். அது வலித்தது. பாட்டு நன்றாக இருந்தது. அதுவும் வலித்தது.

பக்கத்து மேசையில் ஒருவர்: “இது எந்தப் படம்?” அவர் மனைவி: “படம் இல்ல போலிருக்குங்க.” “படம் இல்லாம எதுக்குப் பாட்டு?”

ஏழெட்டுப் பேர் கை தட்டினார்கள். மற்றவர்கள் ஜாமூன் எடுக்கப் போய்விட்டார்கள். ஒரு பெண், இருபத்தைந்து இருக்கும், ஓடி வந்தாள். “மேடம், இது எங்க கேக்கலாம்? பேர் சொல்லுங்க.” விமலா சொன்னாள். அந்தப் பெண் போனில் தேடினாள். மழையில் சிக்னல் போயிருந்தது. சுற்றிக்கொண்டே இருந்தது. “அப்புறம் தேடிக்கறேன் மேடம்” என்று போனாள்.

ஜீப்பில் வரும்போது விமலா நனைந்த லேப்டாப் பெட்டியை மடியில் வைத்துத் துடைத்துக்கொண்டே வந்தாள்.

மார்ச் 24, திங்கள்

மழை விட்டு, எல்லாம் கழுவிய மாதிரி. என் வீட்டுக்காரர் முதல் பஸ்ஸில் சேலம் போய்விட்டார், நாற்றுத் தட்டு வாங்க.

தோசை ஊற்றிக்கொண்டிருந்தேன். அவள் தரையில் காலை நீட்டி உட்கார்ந்து தைலம் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

“நேர்ல சொல்றேன்ன. இன்னும் சொல்லல.”

“நேத்துத்தான்டி கேட்டேன்.”

“லிங்க் அனுப்பி பத்து நாளாச்சு.”

“பத்து நாளும் நம்பரை மட்டும் பாத்துட்டிருந்தேன்.” அடுப்பை அணைத்தேன். “ஏறக்கூடாதுன்னு பாத்துட்டிருந்தேன்.”

சொல்லிவிட்டேன். திரும்பிப் பார்க்கவில்லை. தைலப் பாட்டிலின் மூடியைத் திருகும் சத்தம். எழுந்து வெளியே போனாள். ஜன்னல் வழியே தெரிந்தது, ரோஜாப் பைகளுக்கு நடுவில் எனக்கு முதுகைக் காட்டி நின்றாள். பெட்டியை எடுத்துக்கொண்டு போய்விடுவாள் என்று நினைத்தேன். போனால் நான் தடுக்கப்போவதில்லை என்றும் நினைத்தேன்.

பத்து நிமிடம் இருக்கும். வந்தாள். கண் சிவந்திருந்தது.

“ஒரு நாளைக்கு எத்தன தடவ பாப்ப?”

“ஆறு. ஏழு.”

“அந்த நம்பர்ல பாதி நான்தான்டி.”

எனக்குப் புரியவில்லை.

“என் போன், என் தங்கச்சி போன், அபார்ட்மென்ட் வாட்ச்மேன் போன். சத்தத்தைக் குறைச்சு வச்சுட்டு ஓட விட்டுட்டே இருப்பேன். சமைக்கும்போது, துணி காயப் போடும்போது. வாட்ச்மேன் கேக்கறாரு, ‘அம்மா, இந்தப் பாட்டு எனக்கே மனப்பாடமாயிருச்சு, இன்னும் ஓடணுமா’ன்னு.”

முதலில் அவள்தான் சிரித்தாள். பிறகு நான். இங்கே ஏறிவிடுமோ என்று நான் பயந்த ஒவ்வொரு எண்ணையும் அங்கே உட்கார்ந்து அவள் ஏற்றியிருக்கிறாள். சிரித்து சிரித்து அவளுக்கு இருமல் வந்துவிட்டது. தண்ணீர் கொடுத்தேன். குடித்துவிட்டு டம்ளரைக் கீழே வைக்காமலே சொன்னாள்:

“அன்னிக்கு பஸ் ஸ்டாண்டுல உன்னைப் பாத்தேன்.”

“நீ பாக்கலை.”

“பாத்தேன். ஓடி வந்தே. பச்சைத் தாவணி. கையைத் தூக்குனே. நான் குனிஞ்சு செருப்பு வாரைச் சரி பண்ற மாதிரி இருந்துட்டேன். மொத வளைவு வர்ற வரைக்கும் நிமிரவேயில்ல.”

“ஏன்டி?”

“நிமிந்தா எறங்கிருவேன்னு பயம்.”

பச்சைத் தாவணி என்பது எனக்கே மறந்திருந்தது. மன்னிப்பு என்று அவளும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. பழனியம்மா வந்து கேட்டைத் தட்டினாள். மறுபடி அடுப்பைப் பற்ற வைத்தேன். ஆளுக்கு மூன்று தோசை.

மதியம் பஸ் ஏற்றிவிட்டேன். ஜன்னலோரம் உட்கார்ந்தாள். பஸ் திரும்பும்வரை என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள், கொஞ்சம் வேண்டுமென்றே.

மார்ச் 27, வியாழன்

இரவு மறுபடி நல்ல மழை. பைகளில் தேங்கியதைச் சாய்த்துவிடவே அரை நாள்.

விமலா போன். கம்பெனிக்காரர் பேசினாராம். “மேடம், ஏஜ் குரூப் செட் ஆகல. ஆல்பம் இப்ப வேண்டாம், பாக்கலாம்.” ‘பாக்கலாம்’ என்றால் என்ன அர்த்தம் என்று இரண்டு பேருக்கும் தெரியும்.

“அழுதியா?” என்றேன்.

“நேத்து அழுதேன். இன்னிக்கு மாவு அரைச்சேன்.”

ஆறு பாட்டும் எழுதி வைத்திருக்கிறாள். மற்ற ஐந்தும் நோட்டிலேயே கிடக்கிறது.

எண்: ஆயிரத்தைத் தொடவில்லை. அவள் முந்தாநாளே ஓட விடுவதை நிறுத்திவிட்டாளாம். அப்படியானால் நேற்றிலிருந்து ஏறிய பதினேழும் நிஜம். யாரோ கேட்டிருக்கிறார்கள். அந்த ரிசார்ட் பெண் தேடிக் கண்டுபிடித்தாளா, தெரியாது. பதினேழில் இரண்டு நான். முழுதாகக் கேட்டேன். மெஷின் டிரம்ஸ் சுத்தமாக இருக்கிறது, பிசிறே இல்லை. ஆனால் ‘கனமா’வுக்கு முன்னால் அரை நொடி விட்டுப் பிடித்திருக்க வேண்டும். மெஷினுக்கு அது தெரியாது, அது பாட்டுக்குப் போகிறது.

மார்ச் 31, திங்கள்

காப்பிப் பூ வெடித்துவிட்டது. ரோடு முழுக்க வெள்ளை. ஜன்னலைத் திறந்தால் வாசனை வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துகொள்கிறது. காப்பிப் பூவோடு படம் பிடிக்க டூரிஸ்ட்டுகள். செடி வாங்குகிறவர் இல்லை.

விமலா: “ரெண்டாவது பாட்டை நானே போடறேன். கம்பெனி கிம்பெனி வேண்டாம். தெரிஞ்ச பையன் ஒருத்தன் ஸ்டுடியோ வச்சிருக்கான். மே மாசம் மூணு நாள் தர்றான். வர்றியா?”

“எதுக்கு?”

“எதுக்குன்னா? டிரம்ஸுக்கு.”

“கை வராதுடி. குச்சியைத் தொட்டு இருபத்தேழு வருஷமாச்சு.”

“வராட்டி மெதுவான பாட்டாப் போட்டுக்கலாம்.”

யோசித்துச் சொல்கிறேன் என்றேன். மே மாதம் சீசன். நர்சரியில் நிற்க நேரமிருக்காது. இதெல்லாம் அவளுக்கும் தெரியும்.

ஏப்ரல் 2, புதன்

திவ்யாவிடம் சொல்லி மே மாதம் சென்னைக்கு ரயில் டிக்கெட் போட்டுவிட்டேன். அதற்குப் பிறகுதான் வீட்டுக்காரரிடம் சொன்னேன்.

“சீசன்லயா? ஏம்புள்ள, உனக்கென்ன கிறுக்கா?”

“ஆமாங்க.”

“செடிக்கெல்லாம் யாரு தண்ணி ஊத்தறது?”

“நீங்கதான்.”

சாப்பிட்டு முடித்தார். கை கழுவிவிட்டு வந்து, “நொம்ப சத்தமா இருக்குமே, காதுல பஞ்சு வச்சுக்க” என்றார். நான் வாசித்து அவர் பார்த்ததே இல்லை. கல்யாணத்துக்கு முன்னால் அப்படி ஒன்று இருந்தது என்று மட்டும் தெரியும்.

ஏப்ரல் 5, சனி

மூட்டம். காலை ஆறரை.

ஊரில் எந்தக் கடையிலும் டிரம் குச்சி இல்லை. மிளகாய் நாற்றுக்கு ஊன்றும் மூங்கிலில் இரண்டை அளவாக வெட்டி, நர்சரி ஷெட்டுக்குப் பின்னால் தேங்காய் நார்த்தூள் மூட்டையை நிமிர்த்தி வைத்து அடித்தேன். அரை மணி நேரம். வலது கைக்கு நினைவிருக்கிறது. இடது கைக்கு இல்லை. மணிக்கட்டில் விண்ணென்று வலி.

பழனியம்மா விளக்குமாற்றோடு ஓடி வந்தாள். “ஏனுங்கக்கா, மூட்டைக்குள்ள எலி பூந்துருச்சுங்களா?”

“எலி இல்ல பழனியம்மா. தாளம்.”

“தாளமுங்களா?” விளக்குமாற்றைக் கீழே போட்டாள். பூந்தொட்டியைக் கவிழ்த்து அதன் மேல் உட்கார்ந்தாள். “அடிங்க பாக்கலாம்.”

அடித்தேன். நடுவில் ஒரு முறை, “அந்தக் கை பொறத்தாண்டியே வருதுங்க” என்றாள்.

சரிதான். இடது கை பிந்துகிறது. நாளையும் அடிக்க வேண்டும்.